தூக்கு டீச்சருக்கு வந்த போட்டி

செல்போனில் பெயர் கேட்ட கட்டத்தில் தன் பெயரைப் பாதி அடித்துவிட்டுச் சட்டென்று அழித்தாள் தூக்கு டீச்சர்.

"என்னங்க, உங்க பேரையும் நம்பரையும் போட்டுக்கறேன்."

"எதுக்கு?" தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார் கணவர்.

"வேவு பாக்க."

"சரி, போட்டுக்கோ." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், மேற்கொண்டு கேட்டு அவர் எந்தப் பலனையும் கண்டதில்லை.

நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் எப்படித் தூக்கி மாற்றுவது, அதுவும் தூக்குகிறவர் முதுகு பிடித்துக்கொள்ளாமல், தூக்கப்படுகிறவர் நழுவாமல் எப்படி என்று ஆஸ்பத்திரியின் வார்டு ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். "தூக்கு டீச்சர் வர்றாங்க" என்று வராந்தாவில் யாராவது சொன்னால், புதிதாக அட்மிட் ஆனவர்கள் முகம் வெளிறிப்போவார்கள். அவளுக்கோ அந்தப் பெயரில் அலாதிப் பெருமை. அவளிடம் படித்தவர்கள் இதுவரை ஒரு நோயாளியையும் கீழே போட்டதில்லை.

அந்தப் பெருமைக்குத்தான் இப்போது ஆபத்து. புதிதாக வந்த மேலாளர் அவளைக் கூப்பிட்டு விட்டிருந்தார்.

"காலம் மாறிப்போச்சு மேடம். புதுசா சேர்ந்தவங்கள்ல பாதிப் பேர் உங்க கிளாஸுக்கு வரட்டும். மீதிப் பேர் ஆன்லைன்ல, செல்லுலயே படிக்கட்டும். கடைசியில ஒரே பரீட்சை. எது உசத்தின்னு தெரிஞ்சிடும்ல?"

"தெரிஞ்சப்புறம் சார்?"

"செல் ஜெயிச்சா உங்க ரூம் மிச்சம். பைல் வெக்க இடமில்லாம தவிச்சிட்டிருக்கோம்."

அந்த அறையில் அவளுடைய பயிற்சிக் கட்டில் இருந்தது. எத்தனையோ பேர் தூக்கிப் பழகியதில் அதன் ஒரு கால் சற்று வளைந்தே போயிருந்தது. அதை நகர்த்திவிட்டு அங்கே பைல் அடுக்குவதா? எதிரியின் பாடத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடத் தீர்மானித்தாள்.

சேர்வதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. யார் சேர்கிறார்கள் என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று மேலாளர் நம்பினார். மேலாளர் பார்த்துக்கொள்வார் என்று கம்ப்யூட்டர் நம்பியது.

செல்போனில் ஒரு பொம்மை தோன்றியது. இன்னொரு பொம்மையை ஒற்றைக் கையால் அலேக்காகத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டுச் சிரித்தது.

"இது என்ன, நோயாளியா பஞ்சு மூட்டையா?" என்று கொதித்தாள் டீச்சர். "மூட்டு வலிக்காரர் 'ஐயோ'ன்னு கத்துவாரே, அதெங்க? வேட்டி நாற்காலியில மாட்டிக்குமே, அதெங்க?"

கடைசியில் கேள்விகள் வந்தன. வேவு பார்க்க வந்த இடத்தில் பதில் சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. ஆனால் கேள்வி தூக்குவதைப் பற்றியதாயிற்றே! கை சும்மா இருக்குமா? அத்தனையும் சரி. நூற்றுக்கு நூறு.

மறுநாள் மேலாளர் வராந்தாவிலேயே மடக்கினார். "பாத்தீங்களா மேடம்? ஆன்லைன்ல ஒருத்தர் பின்னிட்டார். மொத்த சராசரியும் எகிறிடுச்சு!"

டீச்சருக்குப் பகீரென்றது. எதிரியின் கோட்டைக்குள் புகுந்து, எதிரிக்கே கொடியேற்றிவிட்டு வந்திருக்கிறாள்!

அடுத்த பாடத்தில் எல்லாவற்றையும் தப்பாகப் போட்டுச் சராசரியைக் கவிழ்த்துவிடுவது என்று சபதம் எடுத்து உட்கார்ந்தாள்.

'நோயாளி சரிந்து விழப்போகிறார். என்ன செய்வீர்கள்?'

'ஒதுங்கிக்கொள்வேன்' என்ற விடையைத் தொட வேண்டும். விரல் அதற்கு மேலே போய் நின்றுவிட்டது. விளையாட்டுக்காகக்கூட ஒரு நோயாளியை விழவிட அவளால் முடியவில்லை. செல்போனைக் கணவரிடம் நீட்டினாள்.

"நீங்க போடுங்க. உங்களுக்குத்தான் இதுல ஒண்ணும் தெரியாதே."

கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகத் தொட்டுக்கொண்டே போனார். முடிந்ததும் செல்போன் கைதட்டியது. மறுபடியும் நூற்றுக்கு நூறு.

"எப்படிங்க?" அலறிவிட்டாள்.

"நல்லா கேட்ட போ. கல்யாணமான நாள்லேருந்து என்னையேதானே தூக்கித் தூக்கிப் பழகிப் பாக்கற? தூக்கினவளுக்கே இவ்வளவு தெரிஞ்சா, தூக்கப்பட்டவனுக்குத் தெரியாதா?"

அவளுக்கு ஒரு பக்கம் அழுகை வந்தது. இன்னொரு பக்கம், சொன்னால் வெட்கக்கேடு, பெருமையாகவும் இருந்தது.

பரீட்சைக்கு முன்னால் கணவரின் போன் அடித்தது. மேலாளர்.

"நீங்கதான் எங்க முதல் மாணவர்! எந்தப் பக்கம் வேலை உங்களுக்கு?"

கணவருக்குப் பொய் வராது. "தையல் வேலை சார்."

"ஓ, ஆபரேஷன் தியேட்டர் பக்கமா! ரொம்ப சந்தோஷம். பரீட்சை அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நீங்கதான் செஞ்சு காட்டணும்."

பக்கத்தில் நின்ற டீச்சர் 'முடியாது, முடியாது' என்று கையை ஆட்டினாள். தன் இடுப்பைத் தட்டிக் காட்டினாள்.

"இடுப்பு புடிச்சிருக்கு சார், நடக்க முடியல" என்றார் கணவர். வராத பொய்யை இழுத்து வரவழைத்ததில் குரல் நிஜமாகவே முனகியது.

"அடடா!" என்றார் மேலாளர். அப்புறம் அவருக்குப் பிரகாசமான யோசனை ஒன்று வந்துவிட்டது. "கவலையே படாதீங்க. ஆம்புலன்ஸ் அனுப்பறேன். உங்களைத் தூக்கி மாத்தறதையே பரீட்சையா வெச்சிடலாம்!"

அப்படித்தான், ஊசி குத்தினால் தவிர வேறெதற்கும் முனகியறியாத அந்தத் தையற்காரர், பட்டப்பகலில் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி ஆஸ்பத்திரி ஹாலுக்குள் வந்து சேர்ந்தார். டீச்சரைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

முதலில் டீச்சரின் மாணவர்கள். வழக்கம்போல, துளி பிசகில்லை. கணவரைக் கட்டிலுக்கு மாற்றி, தலையணையைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தார்கள்.

அடுத்து ஆன்லைன்காரர்கள். கணவர் கீழே விழுந்தால் என்ன ஆவது என்று டீச்சர் கட்டிலருகே போய் நின்றுகொண்டாள். ஓர் ஆள் உயரமாக, ஒட்டகச்சிவிங்கி மாதிரி இருந்தான். அவன் குனிந்து, "ஐயா, இப்ப உங்களைத் தூக்கப் போறோம். பயப்படாதீங்க. என் தோளைப் பிடிச்சுக்குங்க, கழுத்தை வேணாம்" என்றான். முழங்காலை மடக்கினார்கள். முதுகை நேராக வைத்தார்கள். வேட்டி முனையை ஒருத்தி ஒதுக்கிவிட்டாள். கணவர் காற்றில் மிதந்து, நாற்காலியில் பூப்போல உட்கார்ந்தார். முனகக்கூட மறந்துவிட்டார்.

டீச்சர் தன்னை அறியாமல் கைதட்டிவிட்டாள். தட்டிய பிறகுதான் தன் அறை போய்விட்டது என்பது உறைத்தது.

"ரெண்டும் சமம்தான். ஆனா மார்க்கையும் சேர்த்துப் பாத்தா ஆன்லைன்தான் ஜெயிச்சிருக்கு!" என்று முழங்கினார் மேலாளர். "அதுவும் இந்த முதல் மாணவர் புண்ணியத்துல!"

ஹாலே கணவரைப் பார்த்துக் கைதட்டியது. அவர் எழுந்து கும்பிட்டார். இடுப்பு பிடித்தவர் எழுந்து நிற்கிறாரே என்று கைதட்டல் இன்னும் பலத்தது.

இதற்கு மேல் தாங்கவில்லை டீச்சருக்கு. "சார், இவர் என் வீட்டுக்காரர். டெய்லர். வேவு பாக்க நான்தான் இவர் பேர்ல சேர்ந்தேன். அந்த மார்க் எங்க ரெண்டு பேரோடது. இவருக்கு இடுப்பு வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

மேலாளர் கையிலிருந்த மார்க் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆனா ஒண்ணு சார்." அவள் குரல் நிமிர்ந்தது. "மார்க்தான் பொய். இவங்க தூக்கினது பொய் இல்ல. நானே சொல்லிக்கொடுத்திருந்தாக்கூட இதைவிட நல்லா தூக்கியிருக்க மாட்டாங்க. செல் ஜெயிச்சிடுச்சு. ரூமை எடுத்துக்குங்க. யாரு சொல்லிக்கொடுத்தா என்ன, நோயாளி விழாம இருந்தா சரி."

ஒட்டகச்சிவிங்கி சங்கடமாகத் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தான்.

"அக்கா, ஆன்லைன்ல நிஜமா படிச்சதே நீங்க ரெண்டு பேர்தான், நாங்க அத்தனை பேரும் செல்லுல பாடத்தை ஓடவிட்டு லாக்கர்ல வெச்சிட்டு, உங்க கிளாஸ் ஜன்னலுக்கு வெளியதான் நின்னுட்டிருந்தோம்!"