மறுபடியும் ஏணியில் ஏறுவது குறித்து அக்காவுக்கு

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் ஒரே தம்பியும், குடும்பத்தாரால் ‘சட்டப்புத்தகம்’ என்று அழைக்கப்படுபவனும், கட்டடங்களின் தீ எச்சரிக்கை மணிகளைச் சோதிக்கும் அலுவலகத்தில் முதுநிலை ஆய்வாளனுமாகிய நான் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அந்த ‘அனைவரில்’ என் முதுகும் அடங்கும். இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே. வேலையை விட்டுவிட்டு, அத்தானின் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் எனக்கென்று நீங்கள் போட்டு வைத்திருக்கும் மெத்தை நாற்காலியில் நான் வந்து உட்கார மாட்டேன். திங்கட்கிழமை முதல் மறுபடியும் ஏணியில் ஏறப் போகிறேன். இது வேண்டுகோள் அன்று, அறிவிப்பு.

‘டேய், பைத்தியமாடா உனக்கு?’ என்று நீங்கள் கேட்பது இங்கு வரை கேட்கிறது. ஆகவே நடந்ததை முறைப்படி கூறுகிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஏணியிலிருந்து விழுந்தேன். அன்று மருத்துவமனை நடைவழியில் நீங்கள் அழுத அழுகையை நான் மறக்கவில்லை. கிழிந்த தசை சேர்ந்துவிட்டது, எலும்பில் குறையில்லை என்று படம் எடுத்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். வலிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, அது போகவேயில்லை. ஒரு மருத்துவர் பலகையில் படுக்கச் சொன்னார், அடுத்தவர் மெத்தையில் படுக்கச் சொன்னார், இருவருக்கும் கட்டுப்பட்டவனாகையால் பாதி இரவு அதிலும் பாதி இரவு இதிலும் படுத்து, இடம் மாறும்போது இரண்டுக்கும் நடுவே விழுந்தேன். நீங்கள் அனுப்பிய இடுப்புப் பட்டையோடு ஒரு கடைக்குள் நுழைய, அதிலிருந்த இரும்புத் தகட்டுக்கு வாசல் சோதனைக் கருவி அலற, காவலாளி என்னைத் தனியே கூட்டிப்போய்ச் சட்டையைத் தூக்கச் சொன்னார். செருப்பு மாட்டிவிட மனைவி, கீழே விழுந்த பேனாவை எடுக்க மகள், தும்மல் வந்தால் பிடித்துக்கொள்ள ஒரு தூண். ஞாயிறு தோறும் உங்கள் தொலைபேசி: ‘தம்பி, வலி எப்படிடா இருக்கு? குனியாத, வேகமா நிமிராத, திரும்பாத.’ குனியாமலும் நிமிராமலும் திரும்பாமலும் ஒரு மனிதன் எந்த நிலையில்தான் இருப்பது என்பதை நீங்கள் இன்றுவரை தெளிவுபடுத்தவில்லை.

இந்நிலையில்தான் தையல் கடை மாடியில் இருக்கும் வலி மருத்துவரிடம் மனைவி என்னை இழுத்துப் போனாள். மருத்துவர் என் மகளைவிடச் சற்றே மூத்த பெண். படங்களையெல்லாம் பார்த்துவிட்டு, “உங்க முதுகு நல்லா இருக்கு சார். மூளைதான் பழைய பயத்துல மணி அடிச்சுக்கிட்டே இருக்கு” என்றார். எனக்குச் சுருக்கென்றது. “அப்போ நான் நடிக்கிறேனா?” என்றேன். “இல்ல சார், வலி நிஜம். ஆபத்துதான் இல்ல.” மணியைப் பற்றி என்னிடமே பேசுகிறாரே என்று எனக்கு வந்த கோபத்தில், மணி அடித்தால் காரணம் கேட்காமல் வெளியேற வேண்டும் என்பதே விதி, அதைத்தான் நான் பிசகாமல் செய்து வருகிறேன் என்று ஒரு விரிவுரையே ஆற்றினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி சார். வெளிய வந்தாச்சு. சோதிச்சுப் பாத்தாச்சு, தீ இல்ல. அப்புறம் உள்ள போக மாட்டாங்களா?” என்றார்.

ஆமாம், அக்கா. உள்ளே போக வேண்டும். அதுவும் விதிதான். அதே பக்கத்தில், அடுத்த வரியில் இருக்கிறது. ஊருக்கெல்லாம் அதைப் படித்துக் காட்டிய நான், ஒன்பது வருஷமாக என் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறேன்!

அன்று முதல் உள்ளே போகிறேன். முதலில் ஒரு கரண்டியைக் குனிந்து எடுத்தேன். மனைவி அலறினாள், எனக்கும் பயத்தில் வியர்த்தது, வலியும் வந்தது. நின்று, மூச்சை நிதானமாக விட்டு, “ஆய்வு செய்யப்பட்டது, தீ இல்லை” என்று என் இடுப்புக்கு அறிவித்தேன். “அது உங்க இடுப்புங்க, ஆபீஸ் இல்ல” என்றாள். இருக்கட்டும், எனக்குத் தெரிந்த மொழி அதுதானே! பேருந்தில் விழுந்த சில்லறையைக் குனிந்து எடுத்தபோது கொஞ்சம் சத்தமாகவே அறிவித்துவிட்டேன் போல, நடத்துநர் வந்து, “யார்கிட்ட சார் பேசுறீங்க?” என்றார். இடுப்போடு என்றேன். “ஒரு டிக்கெட்தான சார் எடுத்தீங்க?” என்கிறார் மனுஷன்! மொத்தப் பேருந்தும் சிரித்தது. நானும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன், அக்கா. இடுப்பு ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு அலுவலகக் கிடங்கில் ஏணியின் முதல் படி, அடுத்த வாரம் இன்னொரு படி. நேற்று உச்சிப்படியில் நின்று கூரையைத் தொட்டேன். மணி இன்னும் சில நாள் அடிக்கத்தான் செய்கிறது. அடித்துவிட்டுப் போகட்டும், பார்த்துவிட்டு வேலையைத் தொடர்கிறேன். வேலையை விடச் சொல்லாதீர்கள். கீழே நின்று அடுத்தவன் ஏறுவதை அண்ணாந்து பார்த்தே என் காலம் போய்விடுமோ என்று நான் பட்ட பாட்டின் முன் முதுகுவலி ஒன்றுமேயில்லை. இடுப்புப் பட்டையையும் பலகையையும் கட்டி வைத்துவிட்டேன், தனிப் பொதியாக உங்களுக்கு வரும். என் முதுகு இனி எவருக்கும் அஞ்சாது.

உங்கள் இரத்த அழுத்தம் இக்கடிதத்தைத் தாங்குமாக. அத்தானுக்கு என் வணக்கம். அந்த நாற்காலியில் அவரே சாய்ந்து சுகமாக இருக்கட்டும்.

இங்ஙனம்,
கீழ்ப்படிதலுள்ள (மேற்கண்ட விஷயம் நீங்கலாக)
உங்கள் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மனைவி வந்து, என்னைக் கையோடு கூட்டிப்போக நீங்கள் சனிக்கிழமை வருவதாகத் தொலைபேசியில் சொன்னீர்கள் என்றாள். கேட்ட மாத்திரத்தில் இடுப்பு அப்படியே பிடித்துக்கொண்டது. எழுந்திருக்க முடியவில்லை. கட்டி வைத்ததைப் பிரித்து, அந்தப் பட்டையை மாட்டிக்கொண்டதும் உண்மை, மறைக்க மாட்டேன். அப்படியே உட்கார்ந்து, மூச்சு விட்டு, முறைப்படி ஆய்வு செய்தேன். தீ இல்லை. அக்காதான். பட்டையைக் கழற்றிவிட்டேன். சனிக்கிழமை நான் தெருவுக்கே வந்து, உங்கள் பெட்டியை மூன்று மாடியும் நானே தூக்கி வருவேன். நீங்கள் பின்னால் கத்திக்கொண்டே வரலாம்; அதற்குத் தடையில்லை. பெட்டியின் கைப்பிடியை மட்டும் தொடக் கூடாது.