மூன்று ஊர் ஒயினும் ஒரு வெள்ளைச் சட்டையும்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. இந்த ஒரு குணத்தால் நான் கெட்டது கொஞ்சநஞ்சமல்ல. அதில் உச்சம், கல்யாணத்துக்கு முன்பு நடந்த ஒயின் பரீட்சை.

அப்போது அண்ணாமலை அடிவாரத்தில், செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் மேனேஜராக இருந்தேன். (மேனேஜர் என்றால் சாவிக் கொத்தும் நானும்தான்.) கல்பனாவைப் பெண் பார்த்து, எனக்குப் பிடித்து, அவளுக்கும் எப்படியோ பிடித்துவிட்டது. அவள் அப்பாவின் சம்மதம்தான் வரவேண்டும். செங்கத்தில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மண்டி வைத்திருந்த அவருக்கு ஒரே நிபந்தனை, மாப்பிள்ளை குடிக்கக் கூடாது. நான் அதுவரை ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை என்பதால் தைரியமாக இருந்தேன்.

அந்த வாரம் பியேர் என்ற பிரெஞ்சுக்காரர் எங்களிடம் தங்கியிருந்தார். இந்திய ஒயின்களைப் பற்றி எழுதுகிறவர். ஒரு ஞாயிறு காலை மொட்டை மாடியில் நாசிக், நந்தி மலை, நம் கம்பம் என்று மூன்று ஊர் ஒயினை மூன்று கிளாஸில் வரிசையாக வைத்தார். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு ருசி உண்டாம். ஒப்பிட்டுச் சொல்ல உள்ளூர் நாக்கு ஒன்று வேண்டும், உனக்கு ஒயின் தெரியுமா என்று கேட்டார். நன்றாகத் தெரியும் என்றேன்.

ஒரு வாய் எடுத்து, நாக்கில் புரட்டி, வாளியில் துப்ப வேண்டும் என்று செய்து காட்டினார். எனக்கு உடம்பு கூசியது. அவர் வாய் வைத்த கிளாஸில் நான் எப்படி வாய் வைப்பது? விருந்தாளி முன்னால் எப்படித் துப்புவது? வீட்டில் சொம்புத் தண்ணீர் குடிப்பதுபோல அண்ணாந்து ஊற்றி விழுங்கிவிட்டேன்.

அண்ணாந்து குடித்தால் எதுவும் நாக்கில் நிற்காது, நேரே தொண்டைக்குப் போய்விடும். நாசிக்கும் நந்தி மலையும் ஒரே எரிச்சலாக இறங்கின. வித்தியாசம் தெரியவில்லை என்று சொல்வேனா? இன்னொரு ரவுண்டு கேட்டேன். கம்பத்தோடு ஒப்பிட மற்றொன்று. பாதி தொண்டையில் போனது, மீதி வெள்ளைச் சட்டையில். ஐந்தாவது ரவுண்டில் எல்லா வித்தியாசமும் தெரிய ஆரம்பித்தது. எதிரே அண்ணாமலைகூட இரண்டாகத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்தார் கல்பனாவின் அப்பா. மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்துக்குச் சொல்லாமல் போய் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கிரிவலம் முடித்த கையோடு, நெற்றி நிறைய விபூதியோடு வந்திருந்தார். கும்பிட வேண்டிய நான் கிளாஸோடு எழுந்தேன்.

"வாங்க மாமா. நாசிக்ல புளிப்பு ஜாஸ்தி, நந்தி மலைல கம்மி. நம்ம கம்பம் கம்பந்தான்."

சொன்னதோடு நில்லாமல் இன்னொரு முறை அண்ணாந்து ஊற்றியும் காட்டினேன். அது மூக்கில் ஏறி, இருமி, அவர் வேட்டியெல்லாம் தெறித்தது. அவர் வேட்டியை உதறிக்கொண்டே இறங்கிப் போனார்.

தெளிந்த பிறகு அழுதேன். (ஆமாம், தேம்பித் தேம்பித்தான்.) இரண்டு நாள் கல்பனா போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் அப்பாவே கூப்பிட்டார்.

"தம்பி, முப்பது வருஷமா மண்டில குடிகாரங்களோட மாரடிக்கிறேன். குடிக்கிறவன் ஒரு சொட்டு கீழ விடமாட்டான். நீங்க பாதிய சட்டைக்கு ஊத்திட்டீங்க. ஆவணில வெச்சிக்கலாம்."

கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. இன்றும் உறவில் யாராவது உங்கள் மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரித்தால், மாமனார் பெருமூச்சு விட்டுச் சொல்வார்:

"எங்கங்க. ஒரு தடவ முயற்சி பண்ணாரு. அதுவும் அவருக்கு வரல."