குகைப் படம் வாசித்த குணமணி

இலங்கைத்துறைக்கு மேற்கே, பற்றைக் காட்டுக்குள் ஒரு கற்குகை இருக்கிறது. எந்தக் காலத்திலோ யாரோ அதன் சுவரில் சாம்பலைக் குழைத்து ஏழெட்டு உருவம் கீறிவிட்டுப் போயிருந்தார்கள். குச்சிக் கை, குச்சிக் கால். ஆயிரக்கணக்கான வருடம் அவை யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் சுவரிலேயே இருந்தன. போன மாசியில் குணமணி வந்தார். படங்கள் பேசத் தொடங்கிவிட்டன.

முன்பு ஊர் ஊராகப் போன் கவர் விற்ற குணமணி, இப்போது சிவப்புச் சால்வையோடு 'ஓவியவாக்கு ஐயா'. மூதாதையர் கனவில் வந்து படம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்களாம். கைகளை விரித்து நிற்கும் ஓர் உருவம் இருக்கிறது. அது வயற்காரருக்கு மழை. கல்யாணம் சரிவராத பெண்ணுக்கு மாப்பிள்ளை. கனடா விசாவுக்குக் காத்திருப்பவருக்கு விமானம். பாவம், அந்த ஒற்றைக் குச்சி மனிதன் ஒரு நாளைக்கு இத்தனை வேலை பார்த்தான். மூதூரிலிருந்தும் கட்டைபறிச்சானிலிருந்தும் ஓட்டோக்கள் வந்தவண்ணம் இருந்தன. காணிக்கைத் தட்டத்துக்கு மட்டும் எல்லோரிடமும் ஒரே அர்த்தம்.

மதிவதனா இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், அவளுடைய புருஷன் முத்தன் அங்கே போய்வந்த நாள்வரை.

"மதி, ஒரு படகு, அதில ஒரு ஆள். ஆளுக்குத் தலை இல்லை. அது நான்தானாம்."

"தலை இல்லாட்டி நீங்கள்தான் எண்டு எப்பிடித் தெரிஞ்சது?"

முத்தன் வலையைச் சுருட்டி மூலையில் வைத்தான். அதன்பிறகு அவன் கடலுக்கே போகவில்லை; படகு கரையேறி மூன்று கிழமையாகிவிட்டது. சும்மா இருக்கத் தெரியாத மனிதன், பட்டப்பகலில் பாயில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடற்கரை வீட்டில் தினமும் பூசணிக்காய்க் கறி. கடைசியில் குணமணியே பரிகாரமும் சொன்னார்: படகை விற்றுவிட வேண்டும். வாங்குவதற்கு, நல்லகாலமாக, அவருடைய மச்சானே ஆயத்தமாக இருந்தார்.

அன்று பின்னேரம் மதிவதனா குசினியில் ரொட்டி சுட்ட தாச்சியைக் கழுவக் கவிழ்த்தாள். அடியில் கரி அங்கங்கே உரிந்து, கோடும் புள்ளியுமாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு போனை எடுத்து ஒரு படம் பிடித்தாள்.

மறுநாள் காலை முத்தனையும் இழுத்துக்கொண்டு குகைக்குப் போனாள்.

"ஐயா, எங்கட அப்பாட வயலுக்குப் பின்னால இன்னொரு குகை இருக்கு. அங்க இப்பிடி ஒரு படம். பாத்துச் சொல்லுங்கோ."

குணமணி போனை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். நேராகப் பார்த்தார், தலைகீழாகவும் பார்த்தார்.

"ஆறாயிரம் வருசம், பிள்ளை. இந்தா, கடல். இது சுறா. இந்தப் புள்ளியெல்லாம் விதவைகள்."

"விதவைகளோ?"

"ஓம். படகைக் குடுக்காட்டி நீயும் ஒரு புள்ளி."

கூட்டம் உச்சுக்கொட்டியது. மதிவதனா பையிலிருந்து தாச்சியை எடுத்துக் கவிழ்த்துப் பிடித்தாள்.

"இது எங்கட குசினித் தாச்சி. போன பொங்கலுக்கு வாங்கினது. இதிட அடியைத்தான் ஐயா வாசிச்சவர்."

மூதூர் ஓட்டோக்காரர் ஜவ்பர் ஒரு கையில் போனையும் மறு கையில் தாச்சியையும் வாங்கி, நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்தார்.

"சுறா இஞ்ச இரிக்கி," என்றார். "விதவைகளும் இரிக்காங்க."

குணமணி அசரவில்லை. "மூதாதையர் நினைச்சா தாச்சியிலயும் எழுந்தருளுவினம்."

"அப்ப அவை எங்கட குசினிக்கே வரட்டும். நாங்கள் ஏன் இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றது வரிசையின் பின்னாலிருந்து ஒரு குரல். முதலில் சிரித்தது முத்தன்தான். பிறகு குகையே சிரித்தது.

"அப்ப இந்தச் சுவர்ப் படத்துக்கு என்னதான் அர்த்தம்?" ஜவ்பர் கேட்டார்.

"தெரியாது," என்றாள் மதிவதனா. "வேட்டைக் கதையா இருக்கலாம். கும்பிடக் கீறியிருக்கலாம். மழைக்கு ஒதுங்கினவன் சும்மா இருக்க ஏலாமலும் கீறியிருக்கலாம். படிச்ச ஆக்களே இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கினம். எங்கட படகைப் பற்றி மட்டும் அவனுக்குத் தெரிஞ்சிருக்காது."

மத்தியானத்துக்கு முன்னரே குணமணி காணிக்கைத் தட்டத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார். அடுத்த நாள் முத்தன் கடலுக்குப் போய், தலையோடும் ஒரு கூடை சூடை மீனோடும் திரும்பி வந்தான்.

இரண்டு நாள் கழித்துச் சம்பூரிலிருந்து ஒரு அம்மா மதிவதனாவைத் தேடி வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சேலைக்குள்ளிருந்து கரிபிடித்த சட்டி ஒன்றை வெளியே எடுத்தார்.

"பிள்ளை, இதையும் ஒருக்காப் பாத்துச் சொல்லன்."

மதிவதனா வாங்கி, நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லாத் தேய்ச்சுக் கழுவச் சொல்லுது, அம்மா."

"வேற ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொல்லுது. மிச்சத்தை உங்களையே யோசிக்கச் சொல்லுது."