மீட்டர் பூச்சியம் காட்டிய வேலி

மருமகனாகப் போகிறவன் பெண்வீட்டில் திறமை காட்டக் கூடாது. கதவுக்கு எண்ணெய் விடுவது வரை போகலாம். நான் அதையும் தாண்டி மின்சார வேலி போட்டேன்.

யுத்த காலம். மாமாவுக்கு (அம்மாவின் தம்பி) வவுணதீவுக்கு அப்பால் ஒரு வட்டையில் (பெரிய வயல்வெளி) வயல் இருந்தது. கதிர் வரும் பருவத்தில் யானை வரத் தொடங்கியது. இரவுக் காவலுக்குப் பரணில் ஆள் இருக்க முடியாது. யானைவெடி கொளுத்தவும் முடியாது. கொளுத்தினால் யானை போகுமோ தெரியாது, இராணுவ முகாமிலிருந்து பதில் கட்டாயம் வரும். அந்த வயலும் வீடும் மாமாவின் மகள், மச்சாள் தவமலருக்கு என்று ஒதுக்கியவை. எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் போய்க் குடியிருக்க வேண்டும். ஆகவே, முறைப்படி பார்த்தால், யானை தின்றது என் சோற்றை.

"வேலிய நீ போடு மனே. வெள்ளாமைய வெட்டி எடுத்தா மறுகா கலியாணத்தக் கதைப்பம்," என்றார் மாமா.

நான் அப்போது தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் முதலாம் வருடம். (அதிலும் பாதி நாள் கல்லூரி மூடியிருந்தது.) டீசல் இல்லாமல் படுத்திருந்த டிராக்டரின் பற்றரி, பழைய காரொன்றின் இக்னிஷன் கொயில், சிக்னல் லைட்டை மினுக்கும் பெட்டி, எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டினேன். செக்கனுக்கு ஒரு தரம் 'டிக்' என்று, வயலைச் சுற்றி இழுத்த கம்பிக்கு ஓர் அடி போக வேண்டும். டிக் கேட்டது. மீட்டரைப் பிடித்துப் பார்த்தேன். ஊசி பூச்சியத்தில் இருந்தது.

கொயிலை மாற்றினேன். பூச்சியம். இன்னொரு பற்றரியையும் சேர்த்தேன். டிக் கொஞ்சம் கோபமாகக் கேட்டது, ஊசி அசையவில்லை.

"மாமா, கரண்ட் இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"மீட்டரே சொல்லுது மாமா."

மீட்டரே சொன்ன பிறகு மாமா என்ன செய்வார்? ஈர வரம்பில் வெறுங்காலோடு நின்றவர், கம்பியைக் கையால் தூக்கிக் குனிந்து இந்தப் பக்கம் வரப் பார்த்தார். டிக். மாமா ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. "ம்க்" என்று ஒரு சத்தம் வந்தது. பார்த்தால் சேற்றுக்குள் இருந்தார்.

இந்த இடத்தில் ஒரு நல்ல மருமகன் ஓடிப்போய்த் தூக்குவான். நான் மீட்டரைப் பார்த்தேன்.

"கரண்ட் இல்லையே மாமா," என்றேன்.

"அப்ப என்னை அடிச்சது ஆரு?"

"ரத்தப் பிறசரா இருக்கும்."

அந்த நேரம் பார்த்து மகளோடு சோறு கொண்டுவந்த மாமி பொட்டலத்தைப் போட்டுவிட்டு, "ஐயோ, என்ட மனிசன்!" என்று தொடங்கினார். தவமலர் என்னைப் பார்த்த பார்வையில் கலியாணம் முறிந்துகொண்டிருந்தது. இனி விஞ்ஞானம்தான் காப்பாற்றும் என்று நினைத்து, "இஞ்ச பாருங்க" என்றபடி கம்பியை முழுக் கையால் பிடித்தேன்.

பிறகு நான் வாய்க்காலில் இருந்தேன். மாமா மேலே குனிந்து, "உனக்கும் பிறசரா மனே?" என்று அக்கறையாகக் கேட்டார்.

உயர் வோல்டேஜ் கணத்தாக்கு, அதாவது கம்பியில் போன அந்த 'டிக்' அடி, கண்சிமிட்டும் நேரம்கூட நிற்காது என்று அடுத்த வருடம் படிப்பித்தார்கள். அதை அளக்க முன், திடீரென்று ஒரு வோல்டேஜைக் கொடுத்தால் அளக்கும் கருவி எவ்வளவு விரைவாக எழும்புகிறது என்று பார்க்க வேண்டுமாம். (அதற்குப் படித்துலங்கல் என்று பெயர்.) எங்கள் ஊசி சோம்பல் முறித்து எழும்புமுன் அடி வந்து, மாமாவை விழுத்திவிட்டுப் போயிருந்தது. மீட்டர் கருகாமல் தப்பியதே பெரிய காரியம்.

மறுநாள் காலை, யானைத் தடம் கம்பிவரை வந்து, கிறுகி, காட்டுப் பக்கம் போயிருந்தது. மாமா தடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யானைக்கிட்ட மீட்டர் இல்லத்தானே மனே. அதான் நம்பிட்டுது."

வெள்ளாமை வீட்டுக்கு வந்தது. மாமா சொன்ன சொல் மாறவில்லை. சந்தோசத்தில் நான் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த வீட்டில்தான் இன்றும் இருக்கிறேன். சில நாட்களில் தவமலர் வாய் திறக்காமல் சோறு போடுவாள். "ஏதும் கோவமா?" என்று கேட்பேன். "இல்லையே," என்பாள், முகத்தில் ஒன்றும் தெரியாது. உடனே பிள்ளைகள் கதிரையைத் தள்ளிக்கொண்டு ஓரமாக நகர்வார்கள்.

"அப்பா, பூச்சியம்தான் காட்டுது. தொட்டிராதீங்க!"