வாயாடி வராத நாட்கள்

விடைத்தாள் வந்த மாலை கூடத்தில் இருந்தவர்கள்: டைல்ஸ் மேஸ்திரி, அவர் மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள், மகளின் தோழி வாயாடி. கணக்கில் நூற்றுக்கு நாற்பத்தொன்று.

“தினமும் வேலை முடிஞ்சு வந்து ரெண்டு மணி நேரம் சொல்லிக்குடுக்கறேன். அதுக்கு இதுவா?” என்றார் மேஸ்திரி. “ஆண்டுத் தேர்வுல கோட்டை விட்டா மறுபடியும் ஒன்பதாவதுதான்.”

வாயாடி சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாத நேரம்.

“சேர்க்கை சரியில்ல. இனிமே நீ இந்தப் பக்கமே வராதே.”

“மாமா, ஒரு விஷயம்...”

“வாயை மூடு!”

பள்ளிக்கும் போய், இருவரையும் வேறு வேறு வகுப்பில் போடச் செய்தார். அடுத்த தேர்வில் முப்பத்திரண்டு.

“அவளை விரட்டியும் குறையுதே?” என்றாள் மனைவி.

“விஷம் இறங்க நாளாகும்டி.”

பாடத்தை மூன்று மணி நேரமாக்கினார். இருபத்தாறு.

அடுத்து வகுப்பின் முதல் ரேங்க்கைத் தேடிப் பிடித்தார். “பூவோட சேர்ந்தா நாரும் மணக்கும்” என்று அவள் அம்மாவிடம் கெஞ்சி, தினமும் மகள் பக்கத்தில் உட்கார வைத்து, இருவருக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார். மகள் பத்தொன்பது. முதல் ரேங்க் ஐந்தாவது ரேங்க்.

அந்த அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “உம்ம நாரோட சேர்ந்து என் பூ வாடிப்போச்சுய்யா!”

ஆண்டுத் தேர்வுக்கு ஐந்து நாள் இருந்தது. மேஸ்திரி வாயாடி வீட்டுக்குப் போனார்.

“தெரியாம பேசிட்டேன். வா தாயி.”

“இப்ப வாயைத் திறக்கலாமா மாமா?”

வந்தாள். மகளின் அறைக்குள் போய் நோட்டைப் புரட்டினாள். மேஸ்திரியும் காதில் பென்சிலோடு பின்னாலேயே நுழைந்தார்.

“இருபதடிக்குப் பத்தடி அறை. பரப்பு எவ்வளவு மாமா?”

“இருநூத்தி இருபது.” யோசிக்கவே இல்லை.

“இருநூறு இல்லையா?”

“வெட்டும்போது உடையறதை உங்கப்பனா தருவான்? சேதாரத்துக்குப் பத்துக்கு ஒண்ணு சேர்க்கணும்!”

மகள் பெருமையாகத் தலையாட்டினாள்.

வாயாடி அவர் தோளைப் பிடித்து மெதுவாக வெளியே நடத்தினாள்.

“இவளுக்கு நான் ஒரு கணக்கும் சொல்லிக்குடுத்ததில்ல மாமா. நீங்க சாயங்காலம் சொல்லிக்குடுத்ததை மறுநாள் காலைல மறக்கடிப்பேன். அவ்வளவுதான்.”

அவர் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.