தெருவைத் தாண்டினால் நாலு மணி

"கூலங்கட்டாவுக்கே குடி போயிடலாம் டெஸ்," என்றாள் கிளெண்டா. டெஸ்மண்டுக்குத் தேநீர் புரையேறியது.

கூலங்கட்டா ஒன்றும் கடல் கடந்த தேசம் இல்லை. இவர்கள் இருக்கும் ட்வீட் ஹெட்ஸுக்கும் அதற்கும் நடுவே ஒரே ஒரு தெருதான். ஆனால் அந்தத் தெரு மாநில எல்லை. கோடை வந்தால் இந்தப் பக்கத்து அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடும். அந்தப் பக்கத்து அரசாங்கம் அசைந்து கொடுக்காது. இங்கே ஐந்து அடித்தால் அங்கே நாலு.

டெஸ்மண்டின் ஓய்வுக்கால வாழ்வே இதில்தான் ஓடியது. இரண்டு ஊர் கிளப்பிலும் நாலிலிருந்து ஐந்து வரை பீர் பாதி விலை. இங்கே ஐந்து வரை குடிப்பார். தெருவைத் தாண்டுவார். அங்கே மறுபடியும் நாலு! வீட்டில் இந்த இரண்டாவது சுற்றுக்குப் பெயர், ஆற்றங்கரை நடைப்பயிற்சி.

"நான் பாத்து வச்ச வீடு அந்த ஊர் கிளப்புக்கு நேர் எதிர்ல. பால்கனில உக்காந்தா உள்ள போறவன், தள்ளாடி வர்றவன், எல்லாம் தெரியும். நல்லாப் பொழுது போகும்."

டெஸ்மண்ட் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அங்க மனுஷன் இருப்பானா? திரும்பின பக்கமெல்லாம் அலைச்சறுக்குப் பலகையும் ஈரக்காலுமா பசங்க. தலைக்கு மேல விமானம்."

"அது நம்ம தலைக்கு மேலயும்தான் போகுது."

"இங்க ஆறு இருக்கு."

"அங்க கடலே இருக்கு."

"ஆத்துல பெலிக்கன் பறவை வருது."

"ஆமா, நீ பிடிக்கிற மீனெல்லாம் அதுக்குத்தான். என் கண்ணுல ஒண்ணு காட்டிருப்பியா? என் சலூன் அந்தப் பக்கம். வாட்ச்சைத் திருகித் திருகி என் விரல் தேஞ்சு போச்சு."

பிடி கிடைத்துவிட்டது டெஸ்மண்டுக்கு. "அதுதான் நம்ம அதிர்ஷ்டம் கிளெண்டா! எவனுக்குக் கிடைக்கும் ரெண்டு ஊர் மணி? எந்த வேலைக்கு எது வசதியோ, அதை வச்சுக்கலாம்."

"எந்த வேலைக்கும்?"

"தாராளமா."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாறினா, அந்தப் பால்கனி வீட்டுக்கே போயிடலாம்."

கிளெண்டா யோசித்தாள். "சரி, இங்கேயே இருப்போம்."

டெஸ்மண்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவியை வாதத்தில் ஜெயித்த மனிதன் இந்த இரண்டு மாநிலத்திலும் அவர் ஒருவர்தான்.

"நான் கடையை மூடறது அந்த ஊர் மணிக்கு. அதனால சாப்பாடு அந்த ஊர் ஆறுக்கு," என்றாள்.

"பேஷா." இன்னொரு கிளாஸுக்கு நேரம் இருக்கிறது என்று அவர் மனம் கணக்குப் போட்டது.

"சமையல் இனிமே நீ."

"நானா?" பால்கனி கண் முன்னே வந்து நின்றது. "சரி... அது எந்த ஊர் மணிக்கு?"

"நம்ம ஊர் மணிக்குத்தான். அஞ்சு அடிச்சதும் ஆட்டுத்தொடையை அடுப்புல வை. வேக ரெண்டு மணி நேரம் ஆகும், பக்கத்துலயே நில்லு."

"அப்போ என் நடைப்பயிற்சி?"

"அதை விட்டுடு. அந்த கிளப்புல உனக்கு பீர் ஊத்தற டோரீனுக்கு முடி வெட்டறதே நான்தான், டெஸ்."