சொத்தை என்று நான் எழுதியது பல்லைப் பற்றி

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பி எழுதுவது. ஒன்பது வருடமாக எழுதாதவன் திடீரென்று நலம் விசாரித்தால் அதற்கும் உள்நோக்கம் உண்டென்று தங்கள் வக்கீல் சொல்வார் என்பதால் விசாரிக்கவில்லை. அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் என் மனைவி கேட்கச் சொன்னாள். அது அவள் கேள்வி, என்னுடையதல்ல. இங்கு நாங்கள் மூவரும் நலம், ஒரு பல் நீங்கலாக.

தங்கள் வக்கீல் நோட்டீஸ் சனிக்கிழமை கிடைத்தது. அதில் நான்கு எழுத்துப் பிழைகள். இருபத்திரண்டு வருடமாக அச்சகத்தில் உட்கார்ந்து அடுத்தவன் பிழையைத் திருத்திக்கொண்டிருப்பவன் என்பதால் சும்மா விட மனம் வரவில்லை. சிவப்பு மையில் வட்டம் போட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். ஐந்தாவது பிழை என்னுடையது. அதை ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை என் போனிலிருந்து தங்களுக்கு வந்த செய்தியை நோட்டீசில் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்: "சொத்தை இனியும் விட்டுவைக்க முடியாது. போன தடவை அரைகுறையா விட்டதுதான் தப்பு. இந்தத் தடவை முழுசா எடுத்துடணும். கீழ்ப்பக்கம் முடிஞ்சதும் மேல்பக்கத்தையும் பாத்துடுவோம். நாளைக்குக் காலையில நேர்ல வர்றேன்." மாடி தங்களுக்கு, கீழ்த்தளம் எனக்கு என்று பேசி முடித்து, மாடிப்படி யாருக்கு என்று பேச மறந்து, அந்தப் பன்னிரண்டு படிக்காக ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடக்கிறதே நம் வீடு, அதை ஆள் கூட்டிவந்து பிடிக்கப் போகிறேன் என்றுதான் இதைப் படிக்கும் எவனும் நினைப்பான். நீதிபதி நாற்காலியில் நானே இருந்தாலும் எனக்குத் தண்டனை கொடுத்திருப்பேன். ஆனால் அது தங்களுக்கு எழுதியதல்ல. பல் டாக்டருக்கு எழுதியது. அந்தச் சொத்தை என் மகளின் கடைவாய்ப் பல்லில் இருக்கும் சொத்தை. கீழ்ப்பக்கம் என்றால் கீழ்த்தாடை, மேல்பக்கம் என்றால் மேல்தாடை. போனில் 'ப' என்று தட்டினேன். 'பல் டாக்டர்' வருவதற்கு முன்னால் 'பங்காளி' வந்து நின்றுவிட்டது. தங்கள் எண்ணை அந்தப் பெயரில்தான் வைத்திருக்கிறேன். வேறு பெயர்களும் யோசித்தேன். அவை அச்சில் ஏற்றத் தக்கவை அல்ல.

இனி பல்லின் கதை. இது இவளுக்கு மூன்றாவது சொத்தை. ஐந்தரை வயதில் முதலாவது வந்தபோது பிரஷ்மேல் சந்தேகப்பட்டேன்; பிரஷ்ஷை மாற்றி, பேஸ்ட்டை மாற்றி, இரண்டு நிமிடம் தேய்க்கிறாளா என்று கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றேன். ஏழு மாதத்தில் இரண்டாவது வந்தது. பால் குடித்துக்கொண்டே தூங்கும் பழக்கத்தை நிறுத்தினேன், பல் தேய்த்த பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் கிடையாது என்று சட்டம் போட்டேன், சர்க்கரை டப்பாவைக் கைக்கெட்டாத உயரத்தில் ஏற்றினேன், அவளுக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா என்று நானும் நாலு மாதம் சர்க்கரையில்லாத காப்பியே குடித்து ஆபீசில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். "அதுக்கு முன்னாடி மட்டும் எல்லாரையும் கொஞ்சிட்டு இருந்தீங்களாக்கும்" என்றாள் என் மனைவி. தினமும் டார்ச் அடித்து ஒவ்வொரு பல்லாகப் படித்துப் பார்ப்பேன். "கமா போட வேண்டிய எடத்துல போட்டுட்டு வாங்க, புள்ளைக்கு வாய் வலிக்குது" என்பாள். இத்தனைக்கும் பிறகு மூன்றாவது வந்தது, அண்ணா. அதுவும் அதே இடது பக்கம். செவ்வாய்க்கிழமை கன்னம் வீங்கி, சோற்றைத் தள்ளிவிட்டு, "நான் சரியாத்தான் தேய்ச்சேம்ப்பா, சத்தியமா" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். என்னைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை என்பது என் பல வருடக் குறை. அது கடைசியில் இவளிடமா தீர வேண்டும்?

மறுநாள் டாக்டரிடம் போனால், முன்கூட்டியே செய்தி அனுப்பாதவர்களுக்கு முறை கிடையாது என்று ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். அப்புறம் டாக்டரம்மாள் இவள் வாயைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டு வேளையும் தேய்க்கிறா. ராத்திரி பால் இல்ல. வீட்டுல இனிப்பு இல்ல. வலது பக்கம் முத்து மாதிரி இருக்கு. இடது பக்கம் மட்டும் ஏன் சார் இப்படி?" நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி கூரையைப் பார்த்தாள். டாக்டர் எங்களைக் கதவோரம் போய் நிற்கச் சொல்லிவிட்டு இவளிடம் குனிந்தார்.

"சாயங்காலம் என்னடா கண்ணு சாப்புடுவ?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"என்கிட்ட சொல்லாத. பல்லுகிட்ட சொல்லு. நான் சும்மா பக்கத்துல இருக்கேன்."

பல்லிடம் சொன்னாள், அண்ணா. நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும், நான் எந்தத் தெரு வழியாக வரக் கூடாது என்று சொல்லி வைத்தேனோ அந்தத் தெரு வழியாகவே வந்து, தங்கள் கண்ணாடிக் கடையில் ஏறுவாளாம். பெரியப்பா கல் மாதிரி ஒரு பெரிய மிட்டாய் கொடுப்பாராம். ஒன்றே ஒன்றுதான். "கடிக்கக் கூடாது. இடது கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கணும். அது கரையற வரைக்கும் பெரியப்பா என்கூடவே நடந்து வர்ற மாதிரி. கடிச்சா பாதி வழியிலயே திரும்பிப் போயிடுவாரு."

"வீடு வரைக்கும் வருவாரா?" என்றார் டாக்டர்.

"உள்ளயும் வருவாரு. வீட்டுப்பாடம் முடியற வரைக்கும் இருப்பாரு. சில நாள் அப்பா வந்தப்புறமும் இருந்திருக்காரு. யூகேஜி படிக்கறப்போலேர்ந்தே."

ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷமா என் வீட்டுக்குள்ள, என் மக கன்னத்துக்குள்ள, நீங்க உக்காந்திருந்திருக்கீங்க. நான் ஆபீஸ்லேர்ந்து வந்து செருப்பைக் கழட்டிட்டு, உங்களைத் திட்டிக்கிட்டே காப்பி குடிப்பேன். நீங்க அங்கயே இருந்து எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்திருக்கீங்க.

எனக்கு வந்த கோபத்துக்கு நேரே உங்கள் கடைக்கு வந்திருப்பேன். டாக்டர்தான் நிறுத்தினார். "சார், உங்க குடும்பச் சண்டை எனக்குத் தெரியாது, பல்லைப் பத்திச் சொல்றேன். எவ்வளவு இனிப்புங்கறதைவிட எவ்வளவு நேரம் வாயில இருக்குங்கறதுதான் முக்கியம். வாயில இருக்கற கிருமி அந்த இனிப்பைத் தின்னு புளிப்பாக்கிப் பல்லை அரிக்கும். எச்சில் வந்து கழுவிச் சரிபண்ணறதுக்குக் கொஞ்ச நேரம் வேணும். இவ தினமும் ரெண்டு மணி நேரம் அதுக்கு வழியே விடல. சாப்பாட்டோட சேத்து தின்னு, தண்ணி குடிச்சிருந்தாகூட இவ்வளவு போயிருக்காது." சொத்தையான பால் பல்லை எடுத்துவிட்டார். அதோடு முடியவில்லை. பால் பல் வரிசைக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு பெரிய பல் முளைத்திருக்கிறது. அதையும் பால் பல் என்றே நினைத்து ஒரு வருடமாக டார்ச் அடித்துப் படித்திருக்கிறேன், நானெல்லாம் ஒரு பிழை திருத்துபவன். அது விழுந்து முளைக்கிற பல் இல்லையாம். அவள் ஆயுசுக்கும் அதுதானாம். அதன் மேல் இப்போதுதான் வெள்ளையாக ஒரு புள்ளி விழ ஆரம்பித்திருக்கிறது. பள்ளத்தை மூடிப் பூச்சுப் பூசியிருக்கிறார். இனிமேல் மிட்டாய் ஒதுக்கினால் அதுவும் போய்விடும் என்றார்.

பல் பிடுங்கும்போது அழாதவள் வியாழக்கிழமை அழுதுகொண்டு வந்தாள். வலி என்று நினைத்தோம். வெள்ளிக்கிழமையும் அதே அழுகை. கேட்டால், கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது, உள்ளே விளக்கு எரிகிறது, உங்கள் செருப்பு வெளியே கிடக்கிறது, "பெரியப்பா"ன்னு கூப்பிட்டா பதில் இல்லை. என் செய்தியைப் படித்துவிட்டு என்மேல் கோபத்தில் இறக்கியிருக்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. அவளுக்கு எப்படிப் புரியும்? "நான் காட்டிக் குடுத்துட்டேன்னு பெரியப்பா கோவிச்சுக்கிட்டாருப்பா. நான் பல்லுகிட்டதானே சொன்னேன்?" என்கிறாள். நேற்றிலிருந்து யாரிடமும் வாயைத் திறந்து பேசுவதில்லை. எதைச் சொன்னால் யார் போய்விடுவார்களோ என்று பயம்.

ஆகவே என் நிபந்தனைகள். கேஸ் நடக்கட்டும், படி விஷயத்தில் ஒரு படிகூட விட்டுத்தர மாட்டேன். உங்கள் முகத்தைப் பார்க்கும் ஆசை எனக்கில்லை, எது சொல்வதானாலும் எழுத்தில் சொல்லவும். ஆனா நாலு மணிக்கு ஷட்டர் முழுசாத் திறந்திருக்கணும். மிட்டாய் கூடாது, ஒண்ணுகூட. அவளுக்கு உங்ககூட நடந்து வரணும், அவ்வளவுதான்; அதுக்குப் பதிலா நீங்களே நடந்து வாங்களேன். என்ன, பத்து நிமிஷம் கடையைப் பாத்துக்க அண்ணி இல்லையா? வாசல் வரைக்கும் வரலாம். உள்ளே வரக் கூடாது.

தபாலில் போட்டால் உங்கள் வக்கீல் பிரித்துவிடுவார் என்பதால் அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் ஷட்டரைத் தூக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். பக்கத்தில்தான் நிற்பாள். முதலில் அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு அப்புறம் மேலே படித்திருக்கலாம், எல்லாவற்றிலும் அவசரம் உங்களுக்கு.

அண்ணியின் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும். உங்கள் வக்கீலுக்குச் சந்திப் பிழை குறையட்டும். வீட்டில் எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
எதிர்மனுதாரர்
(தங்கள் தம்பி)

பின்குறிப்பு: சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அன்றைக்கு டாக்டர் போகிறபோக்கில் என் வாயையும் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டார். மூன்று பல் எடுக்க வேண்டுமாம். வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணி. என் மனைவிக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. இவள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வருகிறாளாம். "எனக்குப் புடுங்கும்போது நீங்க ஒரு கை, அம்மா ஒரு கை புடிச்சுக்கிட்டீங்கல்ல? உங்களுக்கு ஒரு கைதானேப்பா நான் புடிக்க முடியும்? இன்னொரு கைக்குப் பெரியப்பாவைக் கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்கிறாள். வேண்டாம் என்று அதட்டினேன். அப்புறம் யோசித்தேன். முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த நாற்காலியில் சாய்த்தால் நான் எப்படியும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளத்தான் போகிறேன். எனக்கு ஊசி என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிய வேண்டாம். ஒன்பதரைக்கே வந்துவிடுங்கள், அண்ணா.